புது ஃபேன் பெல்ட் போட்டும் கீச் சத்தம் நிற்கவில்லையா? பழைய பிக்கப் வண்டிகளில் கவனிக்காமல் விடும் புல்லி, பேரிங் சிக்கல்!

கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பீன்ஸும் சவ்சவ்வும் ஏற்றிக்கொண்டு இறங்கும் ஒரு பழைய பிக்கப் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வயசு 12 வருடம் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து 'கீச்ச்ச்' என்று ஒரு சத்தம். ரெண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். போன மாதம்தான் புது பெல்ட் போட்டது, பழகினால் சரியாகிவிடும் என்று விட்டாச்சு. ஒருநாள் பாதி மலையில் டேஷ்போர்டில் சிவப்பு கலரில் பேட்டரி படம் எரிகிறது. 'பேட்டரி வீக் போல, கீழே போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் இறக்குகிறார்.

ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தச் சிவப்பு விளக்குக்குப் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பேட்டரிக்கு சார்ஜ் போகவில்லை என்றுதான் அர்த்தம். சார்ஜ் போகாததற்கு ஆல்டர்னேட்டர் கோளாறும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டைத்தான். அறுந்திருக்கலாம், அல்லது கழன்று விழுந்திருக்கலாம்.

சில நூறு ரூபாயில் முடியும் பெல்ட் ஏன் இன்ஜினையே காலி செய்கிறது? புதுசு போட்டும் ஏன் சீக்கிரமே போய்விடுகிறது? மாற்றும்போது எதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்? விவரமாகப் பார்க்கலாம்.

ஃபேன் பெல்ட் என்ன வேலை செய்கிறது?

பேர்தான் ஃபேன் பெல்ட். ஃபேனை மட்டும் சுற்றுகிறது என்று நினைத்தால் தப்பு. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் புல்லியிலிருந்து சக்தியை வாங்கி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏ.சி. இருந்தால் அதன் கம்ப்ரஸர் என எல்லாவற்றையும் சுற்ற வைப்பது இந்தப் பெல்ட்தான். வண்டிக்கு வண்டி ஒரே பெல்ட் எல்லா வேலையும் பார்க்கலாம், ரெண்டு மூன்று பெல்ட்டுகள் பிரித்துக்கொண்டு பார்க்கலாம். பழைய டீசல் பிக்கப்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். ஆகவே பெல்ட் போனால் தண்ணீர் ஓட்டமும் நிற்கும், காற்றும் நிற்கும். லோடு வண்டி மேட்டில் ஏறும்போது இது நடந்தால் சில நிமிடங்களிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். அப்புறமும் ஓட்டினால் ஹெட் காஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, காஸ்கெட் மாற்றி, வண்டி ரோட்டுக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றால், அந்த ஒரு வாரமும் வாடகை இல்லை. டியூ கட்டுகிற தேதி மட்டும் மாறாது.

(டைமிங் பெல்ட் என்பது வேற. அது இன்ஜினின் கவருக்குள் இருக்கும், வால்வுகளின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். பல டீசல் பிக்கப்களில் பெல்ட்டுக்குப் பதிலாக செயினோ கியரோதான் இருக்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பேசுவது வெளியே தெரியும் பெல்ட்டைப் பற்றி மட்டும்.)

பெல்ட் அறுந்தால் பிரேக் ஏன் பிடிக்காது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பெட்ரோல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூம் பெரும்பாலும் இன்ஜினின் இன்டேக் பக்கத்திலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது. தனியாக ஒரு வேக்யூம் பம்ப் வேண்டும். நம்மூரில் ஓடும் பழைய டீசல் ஜீப், பிக்கப் வகை வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒர்க் ஷாப்பில் இன்னமும் 'டைனமோ' என்று சொல்கிறார்களே, அதேதான். இன்ஜினிலிருந்து அதற்கு ஒரு ஆயில் பைப் போவதையும், அதிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த ஹோஸ் வருவதையும் பார்த்தால் உங்கள் வண்டியும் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த வகை வண்டியில் பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், அதோடு வேக்யூம் பம்பும் நிற்கும். பூஸ்டருக்குள் மிச்சம் இருக்கும் வேக்யூமில் ஒன்றிரண்டு முறை பிரேக் வழக்கம்போல பிடிக்கும். அதன் பிறகு பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். பிரேக் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் முழு பலத்தையும் கொடுத்து மிதித்தால்தான் வண்டி நிற்கும். இறக்கத்தில், லோடோடு, ஹேர்பின் வளைவில் அந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தால் ஸ்டீயரிங்கும் அதே நேரத்தில் கனமாகிவிடும்.

அதனால்தான் பேட்டரி விளக்கு எரிந்ததும் 'கீழே போய்ப் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. மலை இறக்கமாக இருந்தால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்து விடாமல், இருக்கிற வேக்யூமைக் காப்பாற்றிக்கொண்டு, கியரைக் குறைத்து, கிடைக்கிற முதல் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்ட வேண்டும்.

இன்னொரு சங்கதி. பழைய வண்டிகளில் அந்த விளக்கே ஃபியூஸ் போயிருக்கும். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பேட்டரி படம் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், வயரிங் அறுந்திருக்கலாம். பெல்ட் அறுந்தாலும் உங்களுக்குத் தகவல் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். எஃப்.சி.க்குப் போகும்போது பெயின்ட் அடிக்கிறோம், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அப்போது இந்த ஒரு பல்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு முடியும். காது கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஹெட்லைட் போட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது நீளமாக 'கீச்ச்ச்ச்' என்று கத்தினால், பெல்ட் புல்லியில் வழுக்குகிறது. லூஸாக இருக்கலாம், தேய்ந்திருக்கலாம், ஆயில் பட்டிருக்கலாம். குருவி கத்துவது போல 'கிச்... கிச்... கிச்' என்று விட்டு விட்டு, இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இந்த ரெண்டும் இல்லாமல் கரகரவென்று, மாவு மில்லில் கேட்பது போல அரைக்கும் சத்தம் வந்தால் பேரிங் போகிறது. பேரிங் சத்தத்துக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் எத்தனை புது பெல்ட் போட்டாலும் அது நிற்காது.

முதல் ரெண்டில் எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரைப் பெல்ட்டின் உள்பக்கத்தில் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் அதிகமானால் டென்ஷன் குறைவு, வழுக்கல். சத்தம் சட்டென்று நின்று, தண்ணீர் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டுப் பிரச்சினை.

சோப்புக் கட்டியைப் பெல்ட்டில் தேய்ப்பது, கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரேயை அடிப்பது எல்லாம் சத்தத்தை அமுக்கி வைக்கும் வேலைதான். நோய் அப்படியே இருக்கும், அதோடு பிசுபிசுப்பில் தூசியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போய்வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், புல்லிக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல ஆகிவிடும்.

பெல்ட்டைப் பார்த்தால் என்ன தெரியும்?

பழைய பிக்கப்களில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, 'வி' வடிவத்தில் தடிமனாக இருக்கும் வி-பெல்ட். இன்னொன்று, தட்டையாக, உள்பக்கம் நீள நீளமாகக் கோடுகள் ஓடும் மல்டி ரிப் பெல்ட்.

வி-பெல்ட்டில் விரிசல், ஓரத்தில் நூல் பிரிவது, பக்கவாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆவது ஆகியவை மாற்ற வேண்டும் என்பதற்கான அறிகுறிகள். மல்டி ரிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு நியோப்ரீன் ரப்பரில் வந்த பெல்ட்டுகள் தேயத் தேய விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போது வரும் இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் அவ்வளவு சுலபமாக விரிசல் விடாது. டயர் தேய்வது போல மெல்ல மெல்ல ரப்பர் மட்டும் குறைந்துகொண்டே வரும். கோடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலமாகி, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக உட்கார்ந்துவிடும். அப்புறம் பிடிமானம் போய் வழுக்க ஆரம்பிக்கும். பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருக்கும். 'விரிசலே இல்லையே, நல்லாத்தானே இருக்கு' என்று விடுவது இதனால்தான். புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பிய்ந்திருந்தாலோ, ஒரு கோடு மட்டும் காணாமல் போயிருந்தாலோ பெல்ட் மேல் பழி போடாதீர்கள். அதை அப்படிப் பிய்த்த புல்லி எது என்று தேடுங்கள்.

அசல் வில்லன்: புல்லி

ஒர்க் ஷாப்பில் பொதுவாக நடப்பது இதுதான். சத்தம் வருகிறது, பெல்ட்டை டைட் செய்கிறார்கள். கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது, இன்னும் டைட் செய்கிறார்கள். அதுவும் போய் புது பெல்ட். அதுவும் சில மாதத்தில் சத்தம் போடுகிறது. 'இப்ப வர்ற பெல்ட்டே சரியில்லைங்க' என்று சொல்லிவிட்டு அதைவிட டைட்டாக வைக்கிறார்கள். பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்து வைக்கும்போது அந்தப் பாரம் முழுக்க வாட்டர் பம்ப் பேரிங்கிலும் டைனமோ பேரிங்கிலும்தான் இறங்குகிறது. ஆக, பெல்ட் சத்தத்தை நிறுத்தப் போய் வாட்டர் பம்பைச் சாகடிக்கிறோம்.

புல்லியும் தேயும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இரும்பு எப்படித் தேயும் என்று தோன்றும். ஊர்க் கிணற்றின் கல்லில் கயிறு பள்ளம் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

வி-பெல்ட் வேலை செய்வதே அதன் ரெண்டு பக்கச் சுவர்களும் புல்லி பள்ளத்தின் சுவர்களை ஆப்பு மாதிரி இறுக்கிப் பிடிப்பதால்தான். பெல்ட்டின் அடிப்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பள்ளம் தேய்ந்து அகலமானால் பெல்ட் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். பிறகு எவ்வளவு டைட் செய்தாலும் பிடிக்காது. கண்டுபிடிப்பது சுலபம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் தரை பளபளவென்று மின்னினால் பெல்ட் அங்கே உரசியிருக்கிறது. புதிதாக வாங்கிய, சரியான அளவு பெல்ட்டை வைத்துப் பாருங்கள். அதன் மேல்பக்கம் புல்லி விளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். நன்றாக உள்ளே இறங்கி உட்கார்ந்தால் புல்லியின் ஆயுள் முடிந்தது. அந்தப் புல்லியில் போடும் ஒவ்வொரு புது பெல்ட்டும் வீண் செலவுதான்.

அடுத்தது கிராங்க் புல்லி. பல இன்ஜின்களில் இது ஒரே இரும்பாக இருக்காது. நடுவில் ஒரு பகுதி, வெளியே ஒரு வளையம், ரெண்டுக்கும் இடையில் அதிர்வைத் தாங்க ரப்பர். வெப்பத்திலும் ஆயிலிலும் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் பிரிந்துவிட்டால் வெளி வளையம் ஆட ஆரம்பிக்கும், சில சமயம் தனியாக வழுக்கும். உங்கள் வண்டியில் அந்த வகை இருந்தால், உள் பகுதியிலிருந்து வெளி வளையம் வரை பெயின்ட்டால் நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு கோடு உடைந்து நகர்ந்திருந்தால் ரப்பர் விட்டுப்போச்சு. இதைப் பெல்ட் வழுக்கல் என்று நினைத்து மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, ஐட்லர் புல்லியும் டென்ஷனர் புல்லியும். இவை எதையும் சுற்ற வைப்பதில்லை. பெல்ட்டின் பாதையைத் திருப்பவும் இறுக்கமாக வைக்கவும்தான் இருக்கின்றன. சும்மா சுற்றுவதுதானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இதில் ஒரு பேரிங் இறுகி நின்றுவிட்டால் ஓடும் பெல்ட் அதில் உரசி, புகைந்து, கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே மணல் இருப்பது போல நறநறவென்று உணர்ந்தால் மாற்றிவிடுங்கள். சைடில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? மாற்றிவிடுங்கள். ஒருமுறை தட்டிவிட்டதும் சைக்கிள் சக்கரம் மாதிரி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் 'சூப்பரா சுத்துது' என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ளது லேசான பிடிமானத்தோடு, சத்தமில்லாமல் சுற்றிச் சீக்கிரம் நிற்கும்.

பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா என்றால், புல்லியைப் பொறுத்தது. சர்க்ளிப் போட்ட இரும்புப் புல்லியில் மாற்றலாம். பல ஐட்லர் புல்லிகளில் இருப்பது 6203 போன்ற சாதாரண பேரிங்தான். உள் துளை 17 மி.மீ., வெளி விட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. பழையதில் உள்ள நம்பரைப் படித்து அதையே வாங்க வேண்டும். நம்பருக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்று இருந்தால் ரெண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட் இசட் என்றால் இரும்பு மூடி. சேறும் தூசியும் படும் இடத்துக்கு ரப்பர் சீல் போட்டதுதான் சரி. புல்லிக்குள் ஏற்றும்போது பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்து, பிரஸ்ஸில் வைத்து இறக்க வேண்டும். நடு வளையத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் உள்ளே குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். வண்டியில் மாட்டும் முன்பே பேரிங் பாதி செத்துவிடும். பேரிங் கையாலேயே உள்ளே போய்விடுகிறது என்றால் புல்லியின் துளை தேய்ந்துவிட்டது. அதில் பஞ்ச் அடித்தும் தகடு சொருகியும் ஒப்பேற்றுவது ரெண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். பேரிங்கோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் புல்லி என்றால் மொத்தமாக மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

டென்ஷனரில் ஸ்பிரிங் வைத்த ஆட்டோமேட்டிக் வகை இருந்தால், இன்ஜின் ஐட்லிங்கில் அதன் கையைக் கவனியுங்கள். லேசாக அசைவது சகஜம். துள்ளித் துள்ளி அடித்தாலோ, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றாலோ ஸ்பிரிங்கும் புஷ்ஷும் களைத்துவிட்டன. ஆயுள் முடிந்த மல்டி ரிப் பெல்ட்டை மாற்றும்போது டென்ஷனரும் அதே அளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக ஒரு பார்வை, வாட்டர் பம்பின் அடியில். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றிய கையோடு பம்பையும் மாற்றிவிடுவது லாபம். இல்லையென்றால் அடுத்த மாதம் இதே வேலைக்கு இன்னொரு கூலி.

பெல்ட் நம்பரை எப்படிப் படிப்பது?

கடையில் வண்டிப் பேரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பழைய வண்டியில் யாரோ ஒரு காலத்தில் டைனமோவை மாற்றியிருப்பார்கள், பவர் ஸ்டீயரிங் சேர்த்திருப்பார்கள், அளவு மாறியிருக்கும். அதனால் நம்பர் தெரிவது நல்லது. 6பிகே2100 என்று இருந்தால் 6 கோடுகள், பிகே என்பது கோடுகளின் வகை, 2100 மி.மீ. நீளம். வி-பெல்ட்டில் 10x1000 என்று வந்தால் மேல் அகலம் 10 மி.மீ., நீளம் 1000 மி.மீ. கழற்றிய பெல்ட் இழுபட்டிருக்கும் என்பதால் அதை டேப் வைத்து அளந்து வாங்குவதைவிட, அழியாமல் இருக்கும் நம்பரையோ வண்டியின் கையேட்டையோ நம்பலாம். ஒரே வேலையை ரெண்டு வி-பெல்ட்டுகள் ஜோடியாகப் பார்க்கும் வண்டியில் ஒன்று போனாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புதுசும் பழசும் சேர்ந்தால் புதுசு மட்டும் பாரம் முழுவதையும் சுமக்கும்.

பெல்ட்டுக்காக வடக்கே பார்க்க வேண்டியதில்லை, மதுரை கோச்சடையிலேயே பெல்ட் தயாரிக்கும் பெரிய ஆலை பல காலமாக இயங்குகிறது. ஆனால் பேர் போன எந்த பிராண்டுக்கும் டூப்ளிகேட் உண்டு. பாக்கெட்டில் தயாரிப்பாளர் பேர், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருடம் இருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பிராக்கெட், நல்ல நிலையில் உள்ள இரும்புப் புல்லி தேடுவதில் தவறில்லை, நின்றுபோன மாடல்களுக்கு அதுதான் வழியும்கூட. ஆனால் பெல்ட்டையும் பேரிங்கையும் மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது.

மாற்றும்போது என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி சட்டைப் பையில் இருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். ஓடும் இன்ஜினுக்கு மேல் குனியும்போது கழுத்தில் துண்டோ, தொங்கும் சட்டை நுனியோ, லுங்கியோ இருக்கவே கூடாது. பெல்ட் ஒரு நொடியில் உள்ளே இழுத்துவிடும்.

கழற்றும் முன் பெல்ட் எந்தப் புல்லியில் மேலே போகிறது, எதில் கீழே வருகிறது என்று செல்போனில் ரெண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மல்டி ரிப் பெல்ட்டை ஒரு புல்லியில் தப்பாகச் சுற்றினாலும் வாட்டர் பம்ப் தலைகீழாகச் சுற்றும் வாய்ப்பு உண்டு. வண்டி ஓடும், ஆனால் சூடாகிக்கொண்டே இருக்கும், காரணம் புரியாமல் மண்டை காயும்.

வி-பெல்ட் வண்டியில் டைனமோவின் போல்ட்டை லூஸ் செய்து உள்ளே தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். ஆட்டோமேட்டிக் டென்ஷனரில் நீளமான லிவர் ஸ்பானரால் கையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சில வண்டிகளில் டென்ஷனர் புல்லி போல்ட்டுக்கு இடது மரை இருக்கும். வழக்கம்போல திருப்பி வரவில்லை என்றால் பைப் போட்டு முறிக்காமல் நிதானமாக மரையைக் கவனியுங்கள். புது பெல்ட்டை ஸ்க்ரூட்ரைவர் வைத்து நெம்பி ஏற்றுவது பெரிய தப்பு. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

மாட்டும் முன் ஆயில் கசிவு இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். ஆயில் பட்ட ரப்பர் ஊதிப்போகும். புல்லிப் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரையும் மண்ணையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். நேர்கோடு பார்க்க கொத்தனார் பிடிக்கும் நூலே போதும், ஒரு புல்லியின் முகப்பிலிருந்து அடுத்ததுக்கு இழுத்துப் பிடித்தால் எது வெளியே தள்ளியிருக்கிறது என்று தெரிந்துவிடும். புல்லி முகப்புகள் ஒரே தடிமனாக இல்லாவிட்டால் பள்ளத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டைனமோ பிராக்கெட்டில் ஒரு வாஷர் விட்டுப்போனதுகூடப் பல நேரம் காரணமாக இருக்கும்.

வி-பெல்ட்டுக்கு டென்ஷன் எவ்வளவு? ரெண்டு புல்லிகளுக்கு நடுவில், நீளமான இடத்தில் கட்டை விரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. மல்டி ரிப் என்றால் எல்லாப் புல்லியிலும் எல்லாக் கோடும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கோடு தள்ளி உட்கார்ந்தால் முதல் நாளே ஓரம் பிய்ந்துவிடும். பிறகு சில நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். புது வி-பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், அப்போது மறுபடி டென்ஷன் வைப்பது கட்டாயம். நம்மூரில் இந்த ரெண்டாவது தடவைக்கு யாரும் வண்டியைக் கொண்டுபோவதில்லை. கீச் சத்தம் பாதி இதனால்தான் வருகிறது.

கிலோமீட்டர் மீட்டர் ஓடாத வண்டிகள் எத்தனையோ. அப்படி இருந்தால் பெல்ட் மாற்றிய தேதியை பானெட்டின் உள்பக்கத்தில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பெல்ட் அறுந்துபோகும் நிலையில் இல்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம், தேவையான ஸ்பானரோடு சீட்டுக்கு அடியில் வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் திறந்திருக்காது.

வழியில் அறுந்துவிட்டால்?

ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். 'இன்னும் 3 கிலோமீட்டர்தான்' என்று கணக்குப் போட வேண்டாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். மலையில் என்றால் டயருக்குக் கல் போட்டுவிட்டுப் பெல்ட் வரும்வரை காத்திருங்கள், சரக்கு அவசரம் என்றால் வேறு வண்டிக்கு மாற்றிவிடுங்கள். பிரேக் உதவி இல்லாமல் லோடு வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

சூடேறிய பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ கலரில் இருக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று அவர் பார்த்த பிறகுதான் புது பெல்ட் ஏற வேண்டும். மல்டி ரிப் பெல்ட் நார் நாராகப் பிய்ந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நார்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஆயில் சீலுக்குள் புகுந்துவிடுவது உண்டு. புல்லியைக் கழற்றி அதை எடுக்காமல் புது பெல்ட்டை மாட்டினால், ரெண்டே நாளில் அந்தச் சீல் வழியாக ஆயில் ஒழுகி, புது பெல்ட்டும் நனைந்து வழுக்க ஆரம்பித்துவிடும்.